சித்தப்பாவைத் தேடிப்போன ஊர்கள்

அந்த வேனில் ஏறியதும் முதலில் மூக்கைத் தாக்குவது மெஷின் எண்ணெய் வாடையும், முந்தின நாள் வேலைக்குப் போய்வந்த பெண்களின் தலையிலிருந்து உதிர்ந்து இருக்கை இடுக்குகளில் வாடிக் கிடக்கும் மல்லிகையின் மணமும்தான். இரண்டும் வெயிலில் சூடேறிக் கலந்து, வயிற்றைப் புரட்டுகிற மாதிரியும் இருக்கும், என்னவோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரியும் இருக்கும். வாரம் முழுக்கக் கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வந்து பனியன் கம்பெனி வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிற அந்தக் "கம்பெனி வேன்", ஞாயிற்றுக்கிழமை மட்டும், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் திருப்பூருக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருக்கிற ஊர்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. காணாமல் போன என் சித்தப்பாவைத் தேடிப் போனோம்.

நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா முதலில் வந்து ஒரு கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் சேர்ந்தார். அம்மா, தைத்த பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் "செக்கிங்" வேலைக்குப் போனாள். பிறகு அப்பாவின் தம்பி ஜெபராஜ் சித்தப்பா வந்து, நூலைத் துணியாக்கும் நிட்டிங் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டினார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட் என்று அவருடைய தூக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பொறுப்பு சித்தப்பாவுக்கு. இரவு முழுக்க நின்று வந்த களைப்போடு வாசற்படியில் உட்கார்ந்து எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவார். நூல் அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவை. என் வகுப்பில் எந்தப் பெண்ணின் அம்மாவும் அவ்வளவு நேராக வகிடு எடுத்ததில்லை. சித்தி கல்யாணமாகி வந்த பிறகும் சடை பின்னுகிற வேலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்களுக்குக் குழந்தை பிறந்த சில மாதங்களில் சித்தப்பா மாறத் தொடங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு, "மெஷின் ஓடுது, நிப்பாட்டச் சொல்லு" என்பார். எங்கள் சந்தில் அடுத்த சுவரிலேயே ஒரு நிட்டிங் கம்பெனி இருந்ததால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே கரண்ட் போய் எல்லாம் அடங்கிக் கிடக்கும்போதும் அவர் அதையே சொன்னார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். பிறகு பஞ்சுக்கு மேலே துண்டைச் சுற்றிக்கொண்டார். ஜெபம் செய்தார்கள், நாட்டு மருந்து கொடுத்தார்கள், சில நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு நாள் காலை பால் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. பால் தூக்கு மட்டும் தெருமுனைக் கடையின் படியில் இருந்தது.

எல்லோர் கையிலும் செல்போன் வராத காலம் அது. போலீசில் சொன்னார்கள், பஸ் ஸ்டாண்டிலும் ரயில் ஸ்டேஷனிலும் தேடினார்கள், ஊருக்கு போன் போட்டுக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் லாரி ஓட்டுகிறவர். அவர்தான் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்து, காங்கயத்தில் ஒரு டீக்கடை வாசலில் அந்தச் சாயலில் ஒருவரைக் கொஞ்ச நாள் முன்பு பார்த்ததாகச் சொன்னார். அன்று சாயங்காலமே வேன் ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் முதலாளியிடம் கேட்டு வண்டியைப் பேசிவிட்டார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். பெருந்தொழுவுக்கு அருகில் அவருடைய ஊர்.

"வெசனப்படாதீங்ணா. காத்தால நேரமே கெளம்பிப் போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தரலாமுங்க. அங்கெல்லாம் சின்னச் சின்ன ஊருங்க. புது ஆளு வந்தா ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்க" என்றார்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சித்தி கிளம்பினாள். என்னை எதற்கு இழுத்துக்கொண்டு போவது என்று அம்மா கேட்டாள். அப்பா என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாங்க கூப்பிட்டா ஓடிருவான். பாப்பா கூப்பிட்டா வருவான்."

திருப்பூரைத் தாண்டினதும் சாயப்பட்டறை வாடை குறைந்து, வண்டிக்குள் வேறொரு காற்று வந்தது. பனியன் துணி காயப்போட்ட கொடிகள் போய்ச் சோளத்தட்டுப் போர்கள் வந்தன. இரண்டு பக்கமும் கிளுவை முள்ளை நெருக்கி நட்ட வேலிகள். வேலிக்கு உள்ளே காய்ந்த புல், அதில் மேய்கிற செம்மறி ஆடுகள், குடை பிடித்த மாதிரி தனித்தனியாக நிற்கிற வெள்வேல மரங்கள். நினைவு தெரிந்து நான் அதுவரை பார்த்த ஊர் என்பது சந்தும் சுவரும்தான். இப்படி ஒரு பக்கமும் அடைக்காத இடத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்து, "சித்தி, ஆடு பாருங்க" என்று கத்தினேன். சித்தி ஆட்டைப் பார்க்கவில்லை. மரத்தடியில் யார் படுத்திருந்தாலும், பாலத்துச் சுவரில் யார் குந்தியிருந்தாலும் பழனிச்சாமி அண்ணனின் தோளைத் தொட்டு வண்டியை மெதுவாக்கச் சொன்னாள். பிறகு நானும் ஆட்டை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு ஊரை அப்படிப் பார்த்தால் அந்த ஊரில் மனிதர்கள் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

காங்கயத்துக்குள் நுழையும்போதே தேங்காய் எண்ணெய் ஆட்டுகிற மணம் வந்துவிட்டது. ரோடு, கடை, நின்றுகொண்டிருந்த பஸ் எல்லாவற்றின் மேலும் அந்த மணம் ஒட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் சொன்ன டீக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அப்பா சித்தப்பாவின் போட்டோவை நீட்டினார். கல்யாண போட்டோவிலிருந்து சித்தியை விட்டுவிட்டு வெட்டியெடுத்தது. தோளில் சித்தியின் மாலையில் பாதி மட்டும் தெரியும். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இவருங்களா? இங்கதானுங்க உக்காந்திருந்தாரு. ஒரு தொந்தரவும் இல்லீங்க. டீ குடுத்தாக் குடிப்பாரு, கெளாசக் கழுவிக் கவுத்து வெச்சுப்போட்டு மறுக்காப் போயி உக்காந்துக்குவாரு. பேரு கேட்டாச் சிரிப்பாரு, அவ்வளவுதானுங்க."

"எங்க போனான்னு தெரியுமா அண்ணாச்சி?"

"ஊதியூர்ப் பக்கம் நடந்து போனாருங்க. ஏனுங்க, ஆளு கொஞ்சம் சரியில்லீன்னு தெரிஞ்சுதுங்க. புடிச்சு வெக்கறதுக்கு நாம யாருங்க?"

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சித்தி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "டீ குடுத்தீங்கள்லா, நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு வேனில் வந்து ஏறினாள்.

ஊதியூர் என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு மலையும், மலையடிவாரத்தில் ஒரு பூக்காரம்மாவும்தான். சாக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அந்தம்மா போட்டோவைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட, அந்தத் தம்பியா! எங்கிட்ட வந்து, 'பூக் கட்டித் தாரனுங்க'ன்னு சொல்லி உக்காந்துட்டாருங்க. என்னமாக் கட்றாருங்கறீங்க! எனக்குக் கூட அந்த வேகம் வராதுங்க. எந்த ஊரு சாமின்னு கேட்டனுங்க. இங்கதான்னாரு." என்னைப் பார்த்து, "உங்கப்பனா கண்ணு?" என்றாள். சித்தப்பா என்றேன். ஒரு முழம் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் இருந்தாராம், ஒரு காலையில் வந்து பார்த்தால் ஆள் இல்லையாம்.

நாங்கள் போகிற ஊர் ஒவ்வொன்றிலும் சித்தப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து, யாரோ ஒருவருக்குக் கொஞ்சம் வேலை செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் எனக்கு அது ஒரு கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஊரில் கட்டாயம் இருப்பார் என்று நினைத்தேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த விளையாட்டு முடிந்தது.

அங்கே கடைசி நடைமேடையின் ஓரத்தில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒருவர் படுத்திருந்தார். அதே மாதிரி ஒடிசலான முதுகு, அதே மாதிரி கழுத்தோரச் சுருட்டை முடி. அப்பா ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். "லேய், ஜெபா, லேய்" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார். வேறு யாரோ. சித்தப்பாவைவிடச் சின்ன வயசு. எழுந்து உட்கார்ந்து, தாடிக்குள்ளிருந்து எங்கள் நான்கு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். என்னவோ இந்தியில் சொன்னார். எங்கள் யாருக்கும் புரியவில்லை. தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, தலைமாட்டில் வைத்திருந்த செருப்பை அவசரமாகக் காலில் மாட்டிக்கொண்டு, புறப்படத் தயாராக எங்கள் முன்னால் நின்றார்.

பழனிச்சாமி அண்ணன் கையை ஆட்டி, நீங்க இல்லைங்க, நீங்க இல்லைங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தி வேனுக்குப் போய், சித்தப்பா கிடைத்தால் கொடுக்க வேண்டும் என்று காலையில் கட்டி எடுத்து வந்த எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிரிக்காமலேயே எங்கள் பின்னால் வேன் வரைக்கும் வந்தார். வண்டி கிளம்பியபோது அங்கேயே நின்றார். இவரையும் இப்படி எங்கேயோ யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள் என்று அப்பா முணுமுணுத்தார். ஆற்றுப் பாலம் தாண்டி, அடுத்த ஊரையும் பார்த்துவிடலாம் என்று போனோம்.

மூலனூர் ரோட்டில் வெயிலில் கண் கூசியது. காற்றாலைகள் சுற்றாமல் நின்றன. மூலனூரில் முருங்கைக்காயை ஆள் உயரத்துக்குக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்து, லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டோ கை மாறிக் கை மாறி அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டது. அது திரும்பி வருமா என்று அப்பா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், யாருக்கும் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னபோது, லாரியின் மேலே நின்று கட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் கீழே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"காதுல துண்டச் சுத்தியிருப்பாருங்களா?"

வெள்ளகோவில் தாண்டி முத்தூர் போகிற ரோட்டில், நாச்சம்மா என்கிறவர் தோட்டத்துக் கொப்பரைக் களத்தில் அப்படி ஒருவரைப் பார்த்ததாக அந்த லாரி ஆள் சொன்னார். நாங்கள் வெள்ளகோவிலில் எங்குமே நிற்கவில்லை. அந்த ஊரைப் பற்றி எனக்கு எந்த ஞாபகமும் இல்லை.

கொப்பரைக் களத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னந்தோப்புக்கு நடுவே, ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்குச் சிமெண்டுத் தரை. அதன் மேல் உடைத்த தேங்காய் மூடிகளை வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு அங்குலம் விடாமல் பரப்பியிருப்பார்கள். வெயிலில் அந்த வெள்ளையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அந்த வெள்ளைக்கு நடுவில், தலையில் துண்டோடு, கையில் ஒரு நீளக் கம்போடு காக்காய் ஓட்டிக்கொண்டு சித்தப்பா நின்றார்.

அப்பா என் முதுகில் கை வைத்தார். "கூப்பிடு."

"சித்தப்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன்.

அவர் திரும்பினார். ஓடவில்லை. மூடிகளை மிதிக்காமல் ஒரு ஓரமாக நடந்து வந்தார். வெயிலில் கறுத்திருந்தார், ஆனால் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. காதில் துண்டு இல்லை. தலையில் மட்டும்தான் இருந்தது. என் முன்னால் வந்து நின்று, என் தலையைப் பார்த்தார்.

"யாரு பாப்பா பின்னிவிட்டா? இப்படிக் கோணலா இருக்கு."

அங்கே கிடந்த கல்லில் என்னை உட்கார வைத்து, இரண்டு சடையையும் அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுத்துப் பின்ன ஆரம்பித்தார். ஊதியூர்ப் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சித்தி பக்கத்தில் நின்று அழுதாள். அவர் சித்தியை நிமிர்ந்து பார்த்து, "வெயில்ல நிக்காத, நிழலுக்கு வா" என்றார். எங்கள் வீட்டில் பல மாதங்களாக அவர் அப்படிச் சாதாரணமாக ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை.

நாச்சம்மா தோப்புக்குள்ளிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"பாத்தா நல்ல எடத்துப் புள்ளையாட்டத் தெரிஞ்சுதுங்க. வந்த அன்னைக்குக் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. இப்பப் பாருங்க, நல்லா சோறு திங்கறாரு, நல்லாத் தூங்கறாரு. நாஞ் சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. இங்கியே இருக்கட்டுமுங்க. தோணறப்ப வந்து பாத்துட்டுப் போங்க. ஒரு வயித்துக்குச் சோறு எங்களுக்குப் பாரமில்லீங்க."

அப்பா மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். "மழைக்காலத்துல களம் ஓடுமாம்மா?"

"மழை உழுந்தா ஓடாதுங்க. ஆளுகளெல்லாம் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க. அப்ப என்னன்னு பாத்துக்கலாமுங்க."

நாச்சம்மா மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அந்த "அப்ப பாத்துக்கலாம்" என்ற சொல்லை அப்பா பிடித்துக்கொண்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் சித்தியைப் பார்த்தார். நீயே சொல் என்கிற பார்வை.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள். "எங்க இருந்தா அவுக நல்லாருப்பாவன்னு எனக்குத் தெரியுது அத்தான். எனக்கும் கண்ணு இருக்குல்லா. ஆனா நான் எங்க இருக்க? கைப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க இருக்க?"

நாச்சம்மா ஒரு பை நிறையத் தேங்காய் போட்டுக் கொடுத்தார். சித்தப்பா என் சடைக்கு ரிப்பன் முடிந்து, பூவை வைத்து, தலையைத் தட்டிப் பார்த்தார். "வாங்க சித்தப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று நான் கையைப் பிடித்தேன். கம்பைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு வந்தார். அவ்வளவு எளிதாக வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

திரும்புகிற வழியில் அவர்தான் எங்களுக்கு ஊர் காட்டினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த வாய்க்காலில் குளித்தேன், அந்த வீட்டு நாய் கடிக்காது, இந்தப் பாலத்தடியில் படுத்தால் காற்று நன்றாக வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். காங்கயத்தில் அதே டீக்கடையில் பழனிச்சாமி அண்ணன் வண்டியை நிறுத்தினார். டீக்கடைக்காரர் சித்தப்பாவைப் பார்த்ததும் கல்லாவை விட்டே வெளியில் வந்துவிட்டார். "சாமி புண்ணியமுங்க, கெடச்சுட்டாருங்களா!" என்று எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் கொடுத்தார். சித்தப்பா குடித்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எல்லோரும் சிரித்தோம். சித்திகூடச் சிரித்தாள். அந்த நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

படியூர் தாண்டியதும் சித்தப்பாவின் பேச்சு நின்றது. ரோட்டோரத்தில் கம்பெனிக் கட்டடங்கள் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. என் கையை விட்டார். பிறகு இரண்டு கையாலும் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஓடுதுண்ணே. கேக்கலியா?"

"ஒண்ணும் ஓடலடே. ஞாயித்துக்கெழம."

"இல்லண்ணே. என்ன இங்கன எறக்கி விட்டுருங்க. நான் நடந்து அங்கனயே போயிருதேன். சோறு போடுவாவ. அண்ணே, காலப் பிடிக்கேன், வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

அவர் கத்தவில்லை. சின்னப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் கெஞ்சுவதைப் போல் கெஞ்சினார். பழனிச்சாமி அண்ணன் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா இறங்கி, ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனார். ஒரு மைல் கல் அருகில் நின்று, வந்த பக்கமும் போகிற பக்கமும் பார்த்தார். சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே மழையும் இல்லை, நிலமும் இல்லை. திருப்பூரில் மெஷின் இல்லாத தெருவாகப் பார்த்து வீடு மாறலாம் என்றால் எங்கள் வசதிக்கு அப்படி ஒரு தெரு இல்லை. அவர் அங்கே நின்று இதையெல்லாம் யோசித்தாரா, அல்லது ஒன்றையும் யோசிக்க முடியாமல் நின்றாரா, எனக்குத் தெரியாது. திரும்பி வந்து ஏறி, "வேற என்ன செய்ய" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "வண்டிய எடுங்க."

சித்தி நகர்ந்து வந்து சித்தப்பாவின் தலையைத் தன் மடியில் சாய்த்து, ஒரு காதை மடியோடு அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்தினாள். திருப்பூர் வந்து, பாலம் தாண்டி, நெருப்பெரிச்சல் வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. வீட்டுக்குள் நாங்கள் போனபோது அடுத்த சுவரில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறாக இருந்தாலும் ஆர்டர் அவசரமாம்.

கோயம்புத்தூரில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சத்தத்தை நிறுத்தியதா என்று சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காதைப் பொத்துவது நின்றது. கூடவே பேச்சும் நின்றது. கை நடுங்கியது. என் தலையை ஒரு நாள் பின்னிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். சித்தி கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் பனியன்களில் தொங்கும் நூல் "பிசிறு" வெட்டுகிற வேலையை அவரும் செய்வார், நாளெல்லாம், ஒரே இடத்தில் உட்கார்ந்து. முதல் சில மாதம் அவர் போய்விடுவார் என்று பயந்து வெளியே தாழ்ப்பாள் போட்டோம். பிறகு போடுவதை விட்டுவிட்டோம். கதவு திறந்தே கிடந்தது. அவர் போகவில்லை. அப்பாவுக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். வேலையிலிருந்து வந்ததும் தம்பி இருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பார், இருப்பதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும். நான் காலேஜுக்குப் போகத் தொடங்கிய வருடம் ஒரு காய்ச்சலில் சித்தப்பா போய்விட்டார். சில வருடம் கழித்து அப்பாவும் போனார்.

இந்தப் பங்குனியில், என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்கு முத்தூர் போக வேண்டியிருந்தது. சித்தியையும் கூட்டிக்கொண்டேன். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த தம்பிதான் கார் ஓட்டினான். இப்போது அந்த ரோட்டில் ஊர்கள் வருவதில்லை, ஊர்ப் பெயர்ப் பலகைகள்தான் வருகின்றன. புறவழிச்சாலையில் ஏறினால் காங்கயம் எங்கோ ஒதுங்கிப் போய்விடுகிறது. சித்தி ஊருக்குள் போகச் சொன்னாள். டீக்கடை இருந்த வரிசையில் செல்போன் கடைகள் இருந்தன. கிளுவை வேலிகள் இருந்த இடங்களில் பல வண்ணக் கொடி நட்டு, வெள்ளைக் கல் பதித்து மனை பிரித்திருந்தார்கள். மிச்ச இடத்தில் பனியன் கம்பெனிகள். அந்தக் கிராமங்களின் பெண்களை வேனில் அள்ளி வருவதற்குப் பதிலாகக் கம்பெனிகளே அவர்கள் வாசலுக்குப் போய்விட்டன.

களம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போல ஆனது. சிமெண்டுத் தரை வெடித்து, வெடிப்பில் எருக்கு முளைத்திருந்தது. தோப்பில் தென்னைகள் கொண்டை இல்லாமல் மொட்டையாக நின்றன. நாச்சம்மாவைப் பற்றி அந்தப் பக்கம் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. தம்பி காரிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையின் நடுவில் போய் நின்றாள். நானும் போனேன்.

"அன்னைக்கு நீ சின்னப் புள்ள" என்றாள் சித்தி. "உங்கிட்ட கேட்டுருக்க முடியாது. உங்கப்பா இருந்தவரைக்கும் அவுககிட்டயும் கேக்கல, பயம். இப்பக் கேக்கேன். நான் உங்க சித்தப்பாவக் கூட்டிட்டு வந்தது சரியா?"

சரி என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள் என்பதும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண் முன்னால் வந்தது.

"வெயில் ஏறுது சித்தி" என்றேன். "வாங்க, கார்ல ஏறுவோம்."

சித்தி தலையை ஆட்டினாள். ஆனால் நகரவில்லை.